சுவருக்கு அந்தப் பக்கம் பிரஸ், இந்தப் பக்கம் டிரம்

நூற்று இருபத்தெட்டு.

இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பதினான்கு வயதுப் பெண் ஒருத்தியைப் பள்ளிக்கூட பேண்டிலிருந்து வெளியே தள்ளப் பார்த்த எண் இது. தப்பு அவளுடையது என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள்.

பேண்டு வாசிக்க, அதற்கு நடப்பவர்கள் நிமிடத்துக்கு நூற்று இருபது காலடி வைக்க வேண்டும். பெரிய டிரம் இடது காலுக்கு ஒரு அடி. அப்படியானால் நிமிடத்துக்கு அறுபது அடி. கணக்கு இவ்வளவுதான். எட்டு காலடி கூடினால் என்ன குடி முழுகிப் போகும் என்று கேட்கலாம். கடைசி வரிசையில் புல்லாங்குழலை வாயில் வைத்துக்கொண்டு ஓடிய ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேளுங்கள், சொல்வார்கள்.

சுப்ரியாவுக்கு இப்போது வயது இருபத்தேழு. ஓசூரில் ஒரு மின்னணுக் கம்பெனியில் லைன் லீடர். கம்பெனிப் பேருந்துக்காக அவள் தினமும் நிற்கிற இடத்துக்கு எதிரே டைல்ஸ் கடை இருக்கிறது. கண்ணாடி வைத்த கடை, வாசலில் பீங்கான் யானை. முன்பு அங்கே தகரக் கூரை போட்ட பிரஸ் ஷெட் இருந்தது; தகட்டை அடித்து வெட்டும் ஐந்து மெஷின்கள். கடைக்காரர் எல்லாவற்றையும் இடித்துவிட்டுப் பின்சுவரை மட்டும் விட்டுவைத்தார். பேருந்து தாமதமானால் சுப்ரியா சாலையைக் கடந்து போய், அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். சுவர் அதிராது. அதிராத சுவரைத் தொட்டுவிட்டு வந்து பேருந்தில் ஏறுவாள். கூட வேலை செய்யும் பெண்கள், "அக்காவுக்கு டைல்ஸ் வாங்கணுமாட்டம் இருக்குது" என்று கேலி செய்வார்கள். சிரித்துக்கொள்வாள். எத்தனை பேருக்கு விளக்கம் சொல்வது?

அந்தச் சுவரின் மறுபக்கத்தில்தான் அவர்கள் வீடு இருந்தது. ஒரே கூரையின் கீழ் ஐந்து லைன் வீடுகள். கடைசி வீடு இவர்களுடையது. வாடகைக்கு யாரும் வராத வீடு. காரணம் சுவர். ஷெட்டின் முதல் மெஷின் அந்தச் சுவரை ஒட்டித்தான் நின்றது. தொம். இரண்டு நொடி. தொம். காலண்டர் ஆடும். அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். கமுதிப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்த அப்பா வெள்ளைச்சாமிக்கு அந்த மெஷினிலேயே வேலை, அந்தச் சுவருக்குப் பின்னாலேயே வீடு. சுப்ரியாவுக்கு அப்போது நான்கு வயது. முதல் மூன்று நாள் அழுதாள். நான்காம் நாளிலிருந்து அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை. பள்ளிக்கூட விடுமுறையில் கமுதிக்குக் கூட்டிப் போனால், ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொண்டு, "அம்மா, இங்க செவுரு சும்மா இருக்கு" என்று புகார் சொல்வாள்.

"செவுரு சும்மா இல்லாம ஆடிக்கிட்டா இருக்கும்? படு" என்பாள் அம்மா இருளாயி.

ஏழாம் வகுப்பில் பேண்டில் சேர்ந்தாள். பி.டி. டீச்சர் ஜோதியம்மாளிடம்தான் பேண்டு இருந்தது. மத்தூர்க்காரர். அவருக்கு இசை தெரியாது. தெரியும் என்று அவர் சொன்னதும் இல்லை. விசில், ஸ்டாப் வாட்ச், சத்தமான தொண்டை, இந்த மூன்றும் அவருடைய சொத்து. வாசிப்பதை மேல்வகுப்புப் பிள்ளைகள் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுத்தார்கள். தப்பும் சரியும் சேர்ந்தே கைமாறும்.

முதல் வருடம் சுப்ரியா கையில் டீச்சர் முக்கோணக் கம்பியைக் கொடுத்தார்.

"இத எப்ப அடிக்கணும் டீச்சர்?"

"நான் சொல்றப்ப."

"எப்ப சொல்லுவீங்க?"

"நான் எங்கடி சொல்லப் போறன்? மறந்துருவன். நீயா பாத்து ஒரு டிங் போடு."

அந்த வருடம் முழுவதும் அவள் தானாகப் பார்த்து டிங் போட்டாள். எட்டாம் வகுப்பில் சிம்பல். இரண்டு பித்தளைத் தட்டுகள். மோதும்போது உள்ளங்கைச் சதை இடையில் சிக்கிக் கன்றிப் போகும். எந்த இடத்தில் மோதினால் சதை தப்பும் என்று ஆறு மாதத்தில் படித்துக்கொண்டாள். ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது பெரிய டிரம் அடித்த மணிமேகலை பத்து முடித்துப் போய்விட்டாள். டிரம் ஆள் இல்லாமல் கிடந்தது.

யாருக்கும் அது வேண்டாம். சைடு டிரம் என்றால் இரண்டு குச்சியும் பறக்கும், பார்ப்பவர்கள் பார்ப்பார்கள். பெரிய டிரம்மை மாட்டினால் முகம் மறைந்துவிடும். போட்டோவில் ஒரு டிரம்முக்கு இரண்டு கால் முளைத்த மாதிரி இருக்கும். தோள் வார் வேறு அறுக்கும்.

"ஒருத்தியும் வரலன்னா பிரவீனா தலையில கட்டிருவன்" என்றார் டீச்சர்.

பிரவீனா கெலமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். தக்காளி போடுகிற வீடு. நல்ல உயரம், நல்ல தோள். அவள் சைடு டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஐயோ டீச்சர், எங்கப்பா என் மொகம் பாக்கறதுக்குத்தான் பஸ் ஏறி வர்றாரு" என்றாள்.

சுப்ரியா கையைத் தூக்கினாள்.

"நீயா? டிரம் உன்ன தூக்கிகினு போயிருமேடி!"

"தூக்கிருவேன் டீச்சர்."

"என்னாத்துக்கு உனக்கு இது?"

"எங்க வீட்டுச் சத்தம் மாதிரி இருக்கு."

டீச்சருக்குப் புரியவில்லை. புரியாததையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் பேண்டு நடத்த முடியாது. டிரம்மை மாட்டிவிட்டார்.

இனி இந்தக் கதையின் முக்கியமான கண்டுபிடிப்புக்கு வருவோம். அது கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நடந்தது. அப்பாவின் டார்கெட் மணிக்கு ஆயிரத்து எண்ணூறு பீஸ். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சோறு போடும்போது பேசுகிற விஷயம். ஒருநாள் அறுபதால் வகுத்துப் பார்த்தாள். நிமிடத்துக்கு முப்பது. நாலால் பெருக்கினாள். நூற்று இருபது. எழுந்து நின்றுவிட்டாள். சுவர் ஒரு தடவை தொம் என்றால் நாலு காலடி. டிரம்முக்கு இரண்டு அடி. டீச்சர் ஸ்டாப் வாட்ச் வைத்துக்கொண்டு தேடுகிற வேகம் அவள் வீட்டுச் சுவரில் பத்து வருடமாக ஓடிக்கொண்டிருந்தது.

அன்று வேலை முடிந்து வந்த வெள்ளைச்சாமியிடம் நோட்டைக் காட்டினாள். அவர் எட்டாவது வரை படித்தவர். விரல் வைத்துப் படித்தார்.

"அப்ப உங்க பேண்டு மாஸ்டரு நாந்தேன்ங்கிற?"

"ஆமாப்பா."

"ஏத்தா இருளாயி, கேட்டியா? சட்டைக்குத் தோள்பட்டையில பட்டை வச்சுத் தைக்கணும் எனக்கு."

"மொதல்ல இருக்கிற சட்டைக்குப் பொத்தான் வைப்போம்" என்றாள் இருளாயி. அவள் ரோஜாக் குடிலில் பூ வெட்டுகிறவள். விரலில் முள்ளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அதிலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்குப் பழக்கம். அரிசி டின்னைக் கவிழ்த்துப் போடுவாள். மரக்கரண்டியில் பழைய துணி சுற்றியிருக்கும். சுவரைப் பார்த்து உட்காருவாள். தொம் என்றால் இடது, வலது, இடது, வலது. அந்த வருடம் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. போனால் ஷெட்டில் ஜெனரேட்டர் உண்டு, வீட்டில் கிடையாது. இருட்டில் சுவர் தொம் என்னும், டின் இரண்டு தடவை பதில் சொல்லும். இப்போதும் சுப்ரியாவிடம் சின்ன வயதைப் பற்றிக் கேட்டால் அவள் முதலில் சொல்வது அந்த இருட்டைத்தான். மண்ணெண்ணெய் விளக்கு, அம்மா அரிசி களையும் சத்தம், சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா. அப்பா வேலையில் இருக்கும்போதே வீட்டிலும் இருந்தார் என்பாள். எத்தனை தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு அது கிடைத்திருக்கிறது?

ஆகஸ்டு பதினைந்தாம் தேதி பள்ளிக்கூடக் கொடியேற்றத்தில் டீச்சர் அளந்தார். நூற்று இருபது. வாட்ச்சைக் குலுக்கிவிட்டு மறுபடி அளந்தார். நூற்று இருபது. "இவளுக்குள்ள கரண்டு மோட்டார் வச்சிருக்கறாங்கடி" என்றார். நவம்பரில் செய்தி வந்தது. கிருஷ்ணகிரியில் மாவட்டக் குடியரசு தின விழாவில் மாணவிகள் அணிவகுப்புக்கு இந்தப் பள்ளிக்கூட பேண்டுதான் வாசிக்க வேண்டும். இருபத்திரண்டு பிள்ளைகளும் மைதானத்தில் கத்திய கத்தலில் தலைமையாசிரியை ஜன்னலைச் சாத்தினார்.

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, பிறகு விடுமுறை. விடுமுறை முழுவதும் சுப்ரியா தினமும் இரண்டு மணி நேரம் சுவரைப் பார்த்து அடித்தாள். ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்தது. முதல் ஒத்திகை. பேண்டு பாதி மைதானம் போவதற்குள் உதிர்ந்துவிட்டது. குழல் ஊதுகிறவர்களுக்கு மூச்சு எட்டவில்லை. சின்னப் பிள்ளைகள் கடைசி வரிசையில் ஓடினார்கள். ஒருத்தி செருப்பைத் தொலைத்தாள்.

"நில்லு! நில்லுங்கடி!" விசில் அலறியது. "ஏய் டிரம்மு! நாய் தொரத்துதா உன்ன?"

"சரியாத்தான் டீச்சர் அடிக்கிறேன்."

டீச்சர் அளந்தார். நூற்று இருபத்தெட்டு.

மறுநாளும் நூற்று இருபத்தெட்டு. அதற்கு மறுநாளும். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தப்பிலும் இவ்வளவு ஒழுங்கா என்று டீச்சருக்கு எரிச்சல். "கெடியாரத்தப் பாத்து அடிச்சிப் பழகு" என்றார். பழகினாள். கடிகார முள் ஒரு பக்கம் நகர்ந்தது, சுவர் ஒரு பக்கம் அதிர்ந்தது. கண் முள்ளில் இருந்தாலும் கை சுவரோடு போயிற்று. இன்னும் கடினமாகப் பழகினாள். வீட்டில் இரண்டு மணி நேரம் என்பதை மூன்று ஆக்கினாள். பழகப் பழக நூற்று இருபத்தெட்டு இறுகியது.

டீச்சர் தேதி குறித்தார். "பொங்கல் லீவு போயி வா. இருபத்தி நாலாந் தேதி கடைசியா பாப்பன். நூத்தி இருபது வரலன்னா டிரம்ம எறக்கி பிரவீனாகிட்ட குடுத்துருவன். கலெக்டர் முன்னால புள்ளைங்கள ஓட வுட முடியாது. அழுவாத. அழுதா வேகம் கொறையுமா?"

தண்ணீர்க் குழாயடியில் பிரவீனா பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏய் கமுதி. எனக்கு அந்த டிரம்மு வேணாம்டி, சத்தியமா."

"அப்ப மாட்டேன்னு சொல்லிரு."

"அது எப்டி? டீச்சர் மாட்டுனா மாட்டிக்குவன். கிருஷ்ணகிரி ஆச்சே!" கொஞ்ச நேரம் வாய் கொப்பளித்துவிட்டு, "என்னாடி ஆச்சி உனக்கு? உங்க வீட்டுச் செவுரு மாதிரின்னு பெருசா சொன்ன?" என்றாள்.

கேலியாகத்தான் சொன்னாள். சுப்ரியா குழாயை மூட மறந்து நின்றாள்.

அன்று டீச்சரிடம் கெஞ்சி ஸ்டாப் வாட்ச்சை ஒரு ராத்திரிக்கு வாங்கி வந்தாள். பொங்கலுக்கு ஷெட் மூடும் முன் அது கடைசி நாள். இரண்டாம் ஷிஃப்டில் அப்பாவின் மெஷினில் திம்மராயன் இருந்தார். ஷெட்டில் இரண்டு ஷிஃப்ட். வெள்ளைச்சாமியும் திம்மராயனும் வாரத்துக்கு வாரம் மாறிக்கொள்வார்கள். சுப்ரியா டின்னைத் தொடவில்லை. சுவரை மட்டும் எண்ணினாள். ஒரு நிமிடம். முப்பத்திரண்டு. இன்னொரு நிமிடம். முப்பத்திரண்டு.

அப்பா கட்டிலில் படுத்திருந்தார். அந்த மாதமெல்லாம் வந்ததும் படுத்துவிடுகிறார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அப்பா, மிசின் வேகமா ஓடுதா?"

"மிசினு எப்பவும் போலத்தேன் ஓடுது."

"முப்பத்திரண்டு ஓடுதுப்பா."

வெள்ளைச்சாமி கண்ணைத் திறக்கவில்லை. "நீ எண்ணுனது தப்பா இருக்கும்."

"ரெண்டு தடவை எண்ணிட்டேன். வாட்ச் இந்தா இருக்கு."

அடுப்படியிலிருந்து இருளாயி வந்தாள். கையில் கரண்டி. "என்ன முப்பத்திரண்டு? ஏங்க, டார்கெட்டக் கூட்டிப்புட்டாய்ங்களா?"

"டிசம்பர்லருந்து. மணிக்கு நூத்திருவது பீஸு கூட. ஆர்டர் சாஸ்தியாம்."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வந்து அடிப்பியா?"

இருளாயி கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒண்ணு கேக்குறேன். மறைக்காமச் சொல்லுங்க. பீஸ குறட்ட வச்சு வைக்கிறீகளா, கைய வச்சா?"

இந்தக் கேள்வி பிரஸ் ஆபரேட்டர் வீடுகளுக்கு மட்டும் தெரிந்த கேள்வி. தகட்டுத் துண்டைக் குறட்டால் பிடித்துத்தான் டை என்கிற அச்சில் வைக்க வேண்டும். பிறகு பெடலை மிதிக்க வேண்டும். முப்பது வரை குறடு ஈடு கொடுக்கும். முப்பத்திரண்டுக்குக் குறடு எட்டாது. விரலால் வைத்து, விரலை எடுத்து, மிதிக்க வேண்டும். வரிசை ஒரு தடவை மாறினால் போதும்.

வெள்ளைச்சாமி இரண்டு கையையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். அதுவே பதில்.

சுவர் பேசிக்கொண்டிருந்தது. சுப்ரியாவுக்கு இரண்டு விஷயம் தெரிந்துபோயிற்று. அவள் கை தப்பு செய்யவில்லை. சொன்னதைச் சொன்னபடி கேட்டிருக்கிறது. இரண்டாவது, பொங்கல் முடிந்து ஷெட் திறந்தால் மறுபடி அதே முப்பத்திரண்டு, டிரம் போய்விடும்.

பொங்கல் நான்கு நாளும் சுவர் சும்மா இருந்தது. கடிகாரத்தைப் பார்த்து அடித்தாள், வேகம் சரியாக வந்தது. வெள்ளைச்சாமி கரும்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "திம்மராயன் வீடு வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று கிளம்பினார். சுப்ரியாவையும் கூட்டிப் போனார். ஏன் போக வேண்டும்? பொங்கல் இடையில் வந்ததால் முறை மாறவில்லை, ஷெட் திறக்கிற வாரத்திலும் அவருக்கு முதல் ஷிஃப்ட்தான். சாயங்காலம் சுவரை ஆட்டப்போவது திம்மராயனின் கால். வெள்ளைச்சாமி ஒருவர் மட்டும் குறைத்துப் பிரயோஜனம் இல்லை.

திம்மராயன் மாட்டுக்குக் கொம்பில் வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். வீட்டில் தெலுங்கு, மாட்டிடம் கன்னடம், வெள்ளைச்சாமியிடம் தமிழ். முழுவதும் கேட்டார்.

"அப்போ உம் பொண்ணுக்கு டிரம்மு, எனக்கு மெமோவா?"

"நானும் முப்பதுதேன் அடிக்கப் போறேன். மெமோ ரெண்டு பேருக்கும்தேன்."

"நல்லா இருக்குது நாயம்." இன்னொரு கொம்புக்குப் போனார். மாடு தலையை ஆட்டியது. "சும்னிரு!" என்று அதட்டினார். பிரஷ்ஷைப் பார்த்தபடியே, "குறடு எங்க வச்சன்னே தெரியல. ஒரு மாசமாச்சி தொட்டு" என்றார்.

"என் பெட்டியில ரெண்டு இருக்கு."

"அப்ப ஒண்ணு குடு."

கோரிக்கை மனு கிடையாது. கொடி கிடையாது. வாயிற்கூட்டம் கிடையாது. வேலையைக் குறைத்துச் செய்வதற்குச் சங்கத்தில் தனிப் பெயர் உண்டு, முதலாளி கையில் தனி நோட்டீஸும் உண்டு. இவர்கள் இரண்டு பேரும் எதையும் படித்ததில்லை. ஒரு குறட்டைக் கைமாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஷெட் திறந்தது. சாயங்காலம் ஆறு மணி. சுப்ரியா டின்னைக் கவிழ்த்துப் போட்டுச் சுவரைப் பார்த்தாள். தொம். கடிகார முள் இரண்டு தடவை நகர்ந்தது. தொம். எண்ணினாள். முப்பது. கரண்டியை எடுத்தாள்.

மூன்றாம் நாள் இன்னொன்று கேட்டது. இரண்டாவது மெஷினும் அதே வேகத்துக்கு இறங்கியிருந்தது. ஷெட்டில் பக்கத்து மெஷினின் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் கால் ஓடும். முன்னால் இருக்கிறவர் நிதானித்தால் பின்னால் இருக்கிறவரும் நிதானிப்பார். வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து மெஷினும் ஒன்றாக விழுந்தன. அப்படி ஒரு தொம்மை அந்தச் சுவர் அதுவரை கேட்டதில்லை. காலண்டர் ஆணியோடு கீழே வந்தது.

பிறகு சூப்பர்வைசர் குருமூர்த்தியின் குரல் சுவர் வழியாக வந்தது. மெஷின்கள் நின்றன. சுப்ரியா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் காதை வைத்தாள்.

"என்னய்யா திம்மராயா, பீஸ் எண்ற கவுண்டர் படுத்துக்கிச்சி?"

"கால் வலி சார்."

"பக்கத்து மிசினுக்கு?"

"அதுக்கும் கால் வலி சார்."

"அஞ்சு பேருக்குமா?"

"தொத்திக்கிற வலி சார் அது."

யாரோ சிரித்தார்கள். குருமூர்த்தி சிரிக்கவில்லை. "உள்ளத சொல்லு. மேல நான் என்னான்னு சொல்றது?"

"செவுத்துக்கு அந்தாண்ட ஒரு பொண்ணு இருபத்தாறாந் தேதிக்கு டிரம் அடிக்குது சார். நாங்க வேகமா போனா அதும் வேகமா போவுது. அப்பறம் கிருஷ்ணகிரியில அத்தினி புள்ளைங்களும் கால் தடுக்கி வுழும். தேசத்துக்கே அசிங்கம் சார்."

இந்தத் தடவை ஐந்து பேரும் சிரித்தார்கள். செருப்புச் சத்தம் ஷெட்டைச் சுற்றி வந்து லைன் வீட்டு வாசலில் நின்றது. குருமூர்த்தி குனிந்து உள்ளே பார்த்தார். அரிசி டின், துணி சுற்றிய கரண்டி, எழுந்து நிற்கத் தெரியாமல் ஒரு பெண்.

"நீதானா அது?"

"ஆமா சார்."

"இருபத்தாறு வரைக்குந்தானே?"

"ஆமா சார்."

அவர் டின்னை இன்னொரு தடவை பார்த்தார். அன்று ரிஜிஸ்டரில் உற்பத்திக் குறைவுக்குக் காரணம் என்ற இடத்தில் "வோல்டேஜ் கோளாறு" என்று எழுதினார். அந்த வருடம் கரண்ட்டின் மேல் பழி போட்டால் எந்த முதலாளியும் மறுத்துப் பேசமாட்டார்.

இருபத்து நான்காம் தேதி டீச்சர் அளந்தார். டிரம் சுப்ரியாவின் தோளில் தங்கியது. பிரவீனா, "அப்பாடா, என் மொகம் தப்பிச்சிது" என்றாள். ஆனால் அன்று மத்தியானம் அவள் டிபன் டப்பாவை மூடாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்ததை சுப்ரியா பார்த்தாள். அதையும் அவள் மறக்கவில்லை.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடலாம். ஜனவரி முடிந்ததும் மறுபடி முப்பத்திரண்டு கேட்டார்கள். எல்லோர் காலும் குறட்டின் வேகத்துக்குப் பழகிவிட்டிருந்தது, அதைத் தாண்டிப் போகவில்லை. கடைசியில் முப்பத்தொன்று என்று முடிந்தது. பாதி வெற்றி. பாதி வெற்றியைக் குறைத்துப் பேசுகிறவர்கள் ஒருநாளும் கேட்டுப் பார்க்காதவர்கள். சில வருடம் கழித்து ஷெட்டை மூடினார்கள். வெள்ளைச்சாமி இப்போது ஒரு அடுக்குமாடியில் காவல் வேலை பார்க்கிறார். பத்து விரலும் இருக்கின்றன. அந்த ஷெட்டில் வேலை பார்த்தவர்களில் எல்லோராலும் இதைச் சொல்ல முடியாது. சுப்ரியா பத்தாம் வகுப்பிலும் அதே டிரம் அடித்தாள், பிறகு டிப்ளமோ, பிறகு கம்பெனி. இன்றைக்கு அவள் லைனில் பெல்ட்டின் வேகத்தைச் சொல்லாமல் கூட்டினால், பத்து நிமிடத்துக்குள் எழுந்து போய்க் கேட்பாள். கையில் வாட்ச் இருக்காது. "எப்டி மேடம் கண்டுபிடிக்கிறீங்க?" என்று புது இன்ஜினியர்கள் கேட்பார்கள். "செவுரு ஆடுச்சு" என்பாள்.

இனி கிருஷ்ணகிரி.

சட்டப்படி ஜனவரி இருபத்தாறு சம்பளத்தோடு விடுமுறை. ஷெட்டுக்குப் பூட்டு. பிள்ளைகள் வேனில் முன்னால் போனார்கள். வெள்ளைச்சாமி, இருளாயி, திம்மராயன் மூன்று பேரும் அரசுப் பேருந்தில் நின்றுகொண்டே வந்து சேர்ந்தார்கள். சுப்ரியாவுக்கு அவர்கள் வந்ததே தெரியாது. டிரம்முக்கு மேலே அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கொடிக்கம்பத்தின் நுனியும் வானமும்தான்.

விசில். முதல் அடி. நடை பிடித்துக்கொண்டது. பாதி மைதானம் வரை எல்லாம் சரியாக இருந்தது. வளைவில் திரும்பியபோது கூட்டம் கைதட்ட ஆரம்பித்தது. கைதட்டல் எப்போதும் ஓடும். ஒருவர் தட்டுவதை இன்னொருவர் முந்துவார். அந்தச் சத்தம் வந்து அவள் காதைப் பிடித்து இழுத்தது. கை அதன் பின்னால் போகப் பார்த்தது. பக்கத்தில் பிரவீனாவின் குச்சிகள் தடுமாறின. "ஏய் கமுதி, ஓடாதடி" என்று பல்லுக்கிடையில் சொன்னாள்.

சுப்ரியா தலையைச் சாய்த்து டிரம்மின் ஓரமாகக் கீழே பார்த்தாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் கால்கள். பூட்ஸ், ஷூ, வெறுங்கால், சேலைக் கரை. நடுவில் ஒரு ரெக்சின் செருப்பு. வார் அறுந்து நீல நூலால் தைத்தது. தைத்தவள் அம்மா.

அந்தச் செருப்பு சும்மா நிற்கவில்லை. குதிகால் தரையில் ஊன்றியிருந்தது. முன்பாதம் எழுந்தது, அமுங்கியது. நாலு காலடி. எழுந்தது, அமுங்கியது. விடுமுறை நாளிலும் அந்தக் கால் பெடலை மிதித்துக்கொண்டிருந்தது. வெள்ளைச்சாமிக்கு அது தெரியாது. அவர் வாயைத் திறந்தபடி டிரம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்குக் கைதட்டல் கேட்கவில்லை. செருப்பு ஒரு தடவை அமுங்கினால் அவள் இரண்டு அடி. செருப்பைத் தாண்டிப் போன பிறகும் கண்ணுக்குள் அது அமுங்கிக்கொண்டே இருந்தது. குழல்கள் சேர்ந்துகொண்டன. கடைசி வரிசைச் சின்னப் பிள்ளைகள் ஓடவில்லை, நடந்தார்கள். ஜோதியம்மாள் கயிற்றின் ஓரமாகவே, உதடு அசைய எண்ணிக்கொண்டு, வாட்ச்சைப் பார்த்தபடி கூடவே வந்தார். மேடையைத் தாண்டி, மைதானத்தின் கோடிக்கு வந்து நின்றார்கள். டிரம்மின் வார் கழுத்தை அறுத்திருந்தது. சுப்ரியா அதைக் கழற்றவில்லை.

"எவ்ளோ டீச்சர்?" பிரவீனாதான் கேட்டாள்.

டீச்சர் மூச்சு வாங்கினார். வாட்ச்சை இந்தத் தடவை குலுக்கவில்லை.

"நூத்தி இருபது."